தர்மிஷ்டமும் தண்டமும்: இலங்கைத் தேர்தல் அரசியலிற் குற்றமும் ஒழுக்கமும் - தெமட்டகொடை நிலைநின்று ஒரு நோக்கு

1. தோற்றுவாய்

தேர்தற் காலங்களில் நம் நாட்டு மேடைகளில் இரு சொற்கள் இணைபிரியாது ஒலித்துவந்துள்ளன. ஒன்று ஒழுக்கம்; மற்றையது தண்டனை. சமுதாயம் ஒழுக்கங்கெட்டுவிட்டது, அதனாற் குற்றம் பெருகிற்று, கடுமையான கரமொன்று வேண்டும், அக்கரம் என்னுடையது என்ற நான்கு படிகளிலே வேட்பாளரின் தருக்கம் நடைபெறும். இத்தருக்கம் எளிமையானது, அதனாலேயே வலிமையுமுடையது. களவும் போதைப்பொருளும் கொலையும் உழைக்கும் மக்களையே முதலிற் தாக்குகின்றன என்ற உண்மை அதன் அடித்தளத்திற் கிடப்பதால், அதனை வெறும் ஏமாற்றென ஒதுக்கிவிடவும் இயலாது.

இக்கட்டுரை அத்தருக்கத்தின் இலங்கை வரலாற்றைச் சுருக்கமாக ஆராய முற்படுகின்றது. ஆராய்வதற்கு நாம் தேர்ந்துகொண்ட இடம் கொழும்பு 9 என வழங்கும் தெமட்டகொடை. இத்தேர்வு தற்செயலானதன்று. பேஸ்லைன் வீதியோரமாக வெலிக்கடைச் சிறைச்சாலையின் மதில் நீண்டு கிடக்கின்றது. சற்றே அப்பாற் புகையிரத இயந்திரங்களைத் தரித்துச் செப்பனிடும் கொட்டகையும் தொழிலாளர் குடியிருப்புகளும் உள்ளன. கால்வாய்க் கரையோரக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டோரை ஏற்றிய அடுக்குமாடிகளும் இங்கேயே எழுந்தன. சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே ஒழுங்கையில் வாழும் இப்பகுதியில், தண்டனை பற்றிய அரசியற் பேச்சு எவர் தலையில் இறங்குகின்றது என்பதை அண்மையில் நின்று காணலாம்.

2. குற்றம் என்பது யாது?

குற்றம் என்ற கருத்து காலங்கடந்ததன்று. எச்செயல் குற்றமாகும் என்பதை அவ்வக்காலச் சொத்துறவுகள் பெருமளவுக்கு நிருணயிக்கின்றன. இரைன் மாநிலச் சட்டசபை காட்டில் விழுந்த சுள்ளியைப் பொறுக்குவதையும் திருட்டாக்க முற்பட்டமை பற்றி இளம் மார்க்ஸ் 1842இல் எழுதிய கட்டுரைகள் இவ்வுண்மையையே எடுத்துக்காட்டின. நேற்றுவரை ஏழைகளின் வழக்குரிமையாயிருந்தது இன்று களவாயிற்று.

இலங்கையில் இதற்கு நேரான சான்று உண்டு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதியற்ற காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியனவாக்கிற்று. கோப்பித் தோட்டங்களுக்கு நிலம் கிடைத்தது. அடுத்த ஆண்டு இரு சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கமான நாடோடிகள் கட்டளைச் சட்டம், தொழிலின்றித் திரிவதையும் இரத்தலையும் குற்றமாக்கிற்று. 5ஆம் இலக்கச் சட்டம், வேலை ஒப்பந்தத்தை முறித்துச் செல்லும் தொழிலாளியைச் சிறைக்குரியவனாக்கிற்று. வெலிக்கடைச் சிறைச்சாலை கட்டப்பெற்ற ஆண்டும் 1841 என்பது மனங்கொள்ளத்தக்கது. நிலத்தை இழந்தவன் அலைந்தாற் குற்றம்; தோட்டத்திற் சேர்ந்தபின் நீங்கினாலுங் குற்றம். தென்னிந்தியாவிலிருந்து நடந்துவந்த தமிழ்த் தொழிலாளர் இந்நாட்டிற் சட்டத்தை முதலில் அறிந்துகொண்டது இவ்வாறே.

ஒழுக்கப் பேச்சுக்கும் வர்க்க அடிப்படை உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மதுவொழிப்பு இயக்கம் குடியேற்ற ஆட்சிக்கெதிரான தேசிய உணர்வை வளர்த்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இலங்கை முதலாளி வர்க்கத்தின் ஆரம்ப மூலதனத்திற் கணிசமான பகுதி சாராயக் குத்தகையிலிருந்தே திரண்டது என்பதைக் குமாரி ஜயவர்த்தன விரிவாக நிறுவியுள்ளார். குடியினாற் செல்வம் சேர்த்த வர்க்கத்தின் அடுத்த தலைமுறை குடியாமையைப் போதித்தது. இதனைத் தனிமனிதரின் போலித்தனமாகக் காண்பது போதாது. செல்வத்தின் மூலத்தை மறைத்து அதற்கு மதிப்பை அளிக்கும் கருத்துநிலைப் பணியை ஒழுக்கம் ஆற்றிய வரலாறு இது.

3. கருணையும் கழுமரமும்

நம் பண்பாட்டு மரபில் ஒழுக்கம் எப்போதும் தண்டனையின் பக்கமே நின்றதாகக் கொள்வது தவறு. கொலைஞரை ஒறுத்தலைப் பயிரிடைக் களை பறித்தலுக்கு ஒப்பிடும் திருக்குறளே, அடுத்த அதிகாரத்திற் குடிகளை அலைக்கும் அரசனைக் கொலைஞரினுங் கொடியவனாக வைக்கின்றது. ஆராயாது தண்டித்த ஒரே ஆணைக்காகப் பாண்டியன் உயிர்விடுவதைச் சிலப்பதிகாரம் கதையின் திருப்புமுனையாக்கிற்று. மணிமேகலையிலோ சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குவதற்கென ஒரு காதையே உண்டு. மகாவம்சமும் உடலூறு செய்யும் தண்டனைகளை நீக்கிய வோகாரிக திஸ்ஸனைப் போற்றுகின்றது. குற்றவாளிகளை மறைவாக விடுவித்த சிறீசங்கபோதியை அறவோனாகக் காட்டுகின்றது. ஆகவே தமிழ் மரபிலும் பௌத்த மரபிலும் தண்டத்தை ஐயுறும் குரல் பழமையானது.

1956இல் ஆட்சிக்கு வந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா அக்குரலுக்குச் சட்ட வடிவம் அளித்தார். 1958ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் மரண தண்டனையை மூன்றாண்டுகளுக்கு இடைநிறுத்திற்று. குற்றவியலாளர் நோர்வல் மொரிஸ் தலைமையில் ஆணைக்குழுவொன்றும் அமைக்கப்பெற்றது. மரண தண்டனை கொலையைக் குறைக்கின்றது என்பதற்குச் சான்றில்லையெனக் கண்ட அவ்வாணைக்குழு, இடைநிறுத்தம் தொடரவேண்டுமென 1959இற் பரிந்துரைத்தது.

அதே ஆண்டு செப்டெம்பர் 25ஆம் நாள் பிரதமர் சுடப்பட்டார், மறுநாள் இறந்தார். சுட்டவர் பிக்கு, சதியின் மையத்தில் இருந்த மாப்பிட்டிகம புத்தரக்கித்த தேரரோ 1956 வெற்றிக்கு முன்னின்று உழைத்தவர். மரணப் படுக்கையிலிருந்து பண்டாரநாயக்கா விடுத்த செய்தி, தம்மைச் சுட்டவர்மீது கருணை காட்டுமாறு வேண்டிற்று. அடுத்து வந்த அரசாங்கம் ஆண்டு முடிவதற்குள் மரண தண்டனையை முன்தேதியிட்டு மீட்டது. தல்துவே சோமராம 1962 யூலை 6இல் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார். முன்தேதி விதி கொலையை மட்டுமே குறிப்பிட்டது, கொலைச் சதியைக் குறிப்பிடவில்லை என்ற காரணத்தாற் புத்தரக்கித்தவின் மரண தண்டனை ஆயுட் சிறையாயிற்று. கருவியாய் அமைந்தவர் தூக்குமேடை ஏறினார். திட்டமிட்டவர் சட்ட வாசகத்தின் இடைவெளியில் உயிர்தப்பினார்.

4. தர்மிஷ்ட சமுதாயம்

ஒழுக்கத்தை முழுமையான தேர்தல் முழக்கமாக்கியவர் ஜே. ஆர். ஜயவர்த்தனா. 1977 யூலைத் தேர்தலில் அவர் தலைமையிலான ஐக்கிய தேசியக் கட்சி 'தர்மிஷ்ட சமுதாயம்' ஒன்றை வாக்களித்து, ஏறத்தாழ 51 வீத வாக்குகளுடன் 168 ஆசனங்களில் 140ஐக் கைப்பற்றிற்று.

அவ்வெற்றிக்கு இடதுசாரிகளாகிய நாமும் காரணராயினோம் என்பதை மறைத்தல் ஆகாது. 1971 கிளர்ச்சிக்குப்பின் ஐக்கிய முன்னணி அரசாங்கம் 1972இற் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டத்தை நிறைவேற்றிற்று. வழமையான சான்றுச் சட்டம் ஏற்காத வாக்குமூலங்களை ஏற்க அது இடமளித்தது. சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் அப்போது அரசாங்கத்தில் இருந்தன. இந்நாட்டிற் கடைசித் தூக்கு நிகழ்ந்த 1976 யூன் 23ஆம் நாள், கம்யூனிஸ்ட் கட்சி இன்னும் அரசாங்கத்தை விட்டு நீங்கியிருக்கவில்லை. அச்சட்டத்தை 1977இல் நீக்கிக் கிளர்ச்சிக் கைதிகளை விடுவித்தவர் ஜயவர்த்தனாவே. அவரது ஆட்சியில் எவரும் தூக்கிலிடப்படவில்லை என்பதும் உண்மை.

ஆனாற் கயிறு ஓய்ந்தமையைக் கொண்டு தண்டம் ஓய்ந்ததாகக் கொள்ளுதல் பொருந்தாது. திறந்த பொருளாதாரம் கோரிய 'கட்டொழுங்கு' வேறு வடிவில் வந்தது. 1979 யூலையிற் பயங்கரவாதத் தடைச் சட்டம் மூன்றாண்டுகளுக்கெனக் கொண்டுவரப்பட்டு 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. பதினெட்டு மாதம் வரையான தடுப்புக்காவலும், பொலிஸ் அதிகாரியிடம் அளித்த வாக்குமூலத்தைச் சான்றாகக் கொள்வதும் இதன் கூறுகள். 1972இற் சிங்கள இளைஞருக்கெதிராகப் பரீட்சிக்கப்பட்ட கருவி 1979இல் தமிழ் இளைஞருக்கெதிராகக் கூர்மைப்படுத்தப்பட்டது என நாம் கருதுகின்றோம். 1980 யூலை வேலைநிறுத்தத்தில் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலையிழந்தனர். புகையிரதத் தொழிலாளரும் அதிற் பங்குகொண்டனராதலின், தெமட்டகொடைக் குடியிருப்புகளில் அந்த ஆண்டை இன்றும் மறவாதோர் உளர். கூலியுயர்வு கேட்டதே அவர் செய்த குற்றம்.

1983இல், குடிமக்களின் அடிப்படை உரிமைகளை மீறியதாக உயர் நீதிமன்றம் கண்ட பொலிஸ் அதிகாரிகளுக்குப் பதவியுயர்வு வழங்கப்பட்டது. நீதியரசர் வீடுகளின் முன் கும்பல்கள் கூச்சலிட்டன. அவ்வாண்டு யூலை 25இலும் 27இலும் வெலிக்கடை மதிலுக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். முதல்நாள் 35 பேர். 27ஆம் நாள் காந்தியம் அமைப்பின் மருத்துவர் இராஜசுந்தரம் உட்பட 18 பேர். அரசின் காவலில் இருந்தோரைக் கொன்றமைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. தர்மிஷ்டத்தின் அளவுகோலில் இது குற்றமாகப் பதியவில்லை. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர அம்முழக்கத்தையே தலைப்பாக்கி 1982இல் எழுதிய நூல், ஒழுக்கத்தின் பெயரால் வணிகப் பேராசை வளர்ந்ததைக் கண்டித்தது. ஒரு கூட்டத்தில் அவர் தாக்கப்பட்டமை அந்நூலுக்கு எதிர்த்தரப்பினர் அளித்த மறுமொழி போலும்.

5. 'ஒழுக்கமும் பண்பும் மிக்க சமுதாயம்'

2019இல் அம்முழக்கம் புத்துருப் பெற்றது. அதற்கு முன்னுரை எழுதியவர் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன. 2019 சனவரியிற் பிலிப்பீன்சுக்குச் சென்ற அவர், அங்கு டுட்டேர்ட்டே நடத்திய போதைப்பொருட் போரைப் புகழ்ந்தார். அலுகோசுப் பதவிக்கு விளம்பரமும் வெளிவந்தது. ஏப்பிரில் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களில் 250க்கு மேற்பட்டோர் இறந்தனர். அன்று பிற்பகல் தெமட்டகொடையில் வீடொன்றைச் சோதிக்கச் சென்ற பொலிசார் மூவர் குண்டு வெடித்து மாண்டனர். அவ்வீடு சேரியில் இருந்ததன்று. செல்வ வணிகக் குடும்பமொன்றின் மாளிகை. ஆயினும் தொடர்ந்த ஐயப்பாடு வீழ்ந்தது எளிய முஸ்லிம் வீடுகளின் மீதே. இரு மாதங்களின் பின், நால்வரைத் தூக்கிலிடும் ஆணைகளிற் கையொப்பமிட்டதாக ஜனாதிபதி அறிவித்தார். உயர் நீதிமன்றம் யூலை 5இல் அதனை இடைநிறுத்திற்று. பதவி நீங்கும் வேளையில், கொடிய கொலையொன்றுக்காக மரண தண்டனை பெற்றிருந்த செல்வக் குடும்பத்து இளைஞனுக்கு அவரே பொதுமன்னிப்பு அளித்தார். அம்மன்னிப்புச் செல்லாதென 2024 யூனில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. தாக்குதல்பற்றிய முன்னெச்சரிக்கைகளைப் புறக்கணித்தமைக்காக 2023 சனவரியில் அந்நீதிமன்றம் அவருக்கு விதித்த நட்டஈடு பத்துக்கோடி ரூபா.

இச்சூழலில் வேட்பாளராக நின்றவர் கோட்டாபய ராஜபக்ஷ. அவரது விஞ்ஞாபனத்தின் பத்துக் கொள்கைகளில் முதலாவது தேசிய பாதுகாப்பு. பத்தாவது ஒழுக்கமும் சட்டத்தை மதிக்கும் இயல்பும் விழுமியமும் கொண்ட சமுதாயம். இடையிலுள்ள எட்டும் இவ்விரு மதில்களுக்குள் அடங்கின. அவரைத் தெமட்டகொடை முன்னரே அறிந்திருந்தது. 2005 முதல் 2015 வரை பாதுகாப்புச் செயலாளராக இருந்த அவரது அமைச்சின் கீழ் 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை கொண்டுவரப்பட்டது. கொழும்பில் ஏறத்தாழ 68,000 குடும்பங்களை அடுக்குமாடிகளுக்கு மாற்றுதல் திட்டமாயிற்று. தெமட்டகொடையின் மிஹிந்துசென்புர அவற்றுள் முற்பட்டது. குடிசை என்பது நோயும் போதையும் குற்றமும் விளையும் இடம் என்ற ஒழுக்கப் பேச்சு, பெறுமதிமிக்க நகர நிலத்தை விடுவிக்கும் பொருளாதார நோக்குக்குத் துணைநின்றது. வீட்டு வசதியைப் பலர் வேண்டினர் என்பதை நாம் மறுக்கவில்லை. படையினரின் அமைச்சு அதனை ஏன் வழங்கவேண்டும் என்பதே வினா.

2019 நவம்பர் 16இல் அவர் 52.25 வீத வாக்குகளைப் பெற்றார். 2020 யூனிற் பாதுகாப்பான நாட்டையும் ஒழுக்கமுள்ள, நற்பண்புடைய, சட்டத்தை மதிக்கும் சமுதாயத்தையும் கட்டியெழுப்பும் ஜனாதிபதி செயலணி வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதன் தலைவர் பாதுகாப்புச் செயலாளர். உறுப்பினர் படை, பொலிஸ் உயரதிகாரிகள். ஆசிரியர் இல்லை, தொழிற்சங்கத்தவர் இல்லை, சமயப் பெரியாரும் இல்லை. நற்பண்பு எதுவென நிருணயிக்கும் உரிமை சீருடைக்கு வழங்கப்பட்டது.

மன்னிப்பின் வரலாறு இவ்விடத்து நோக்கற்பாலது. 2000 டிசெம்பரில் மிருசுவிலிற் சிறுவர் உட்பட எட்டுத் தமிழரைக் கொன்றமைக்காக மரண தண்டனை பெற்றிருந்த படைவீரர் 2020 மார்ச்சில் விடுவிக்கப்பட்டார். அரசியற் கொலை வழக்கில் 2016இல் மரண தண்டனை பெற்ற முன்னாட் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வா 2021 யூனில் விடுவிக்கப்பட்டார். இம்மன்னிப்பை 2024 சனவரியில் உயர் நீதிமன்றம் இரத்துச்செய்தது. 2020 நவம்பரிலோ கொவிட் அச்சத்தினாற் குழம்பிய மகர சிறைச்சாலையிற் பதினொருவர் இறந்தனர். கடுமை, கருணை ஆகிய இரண்டுமே இவ்வாட்சியில் இருந்தன. அவை பங்கிடப்பட்ட முறையிலேதான் வர்க்கமும் இனமும் வெளிப்பட்டன.

இறுதியில் அவ்வாட்சியைக் கவிழ்த்தது எவ்விதக் குற்றவாளிக் குழுவுமன்று. எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நின்ற மக்களே 2022 யூலையில் அவரை வெளியேற்றினர். 2023 நவம்பர் 14இல் உயர் நீதிமன்றம் பொருளாதார வீழ்ச்சிக்கு அவரும் அவர் சகோதரர் இருவரும் பிறரும் பொறுப்பாவர், பொதுமக்களின் நம்பிக்கையை மீறினர் எனக் கண்டது. மனுதாரருக்கென விதிக்கப்பட்டது வழக்குச் செலவாக 1,50,000 ரூபா. நாடு முழுவதையும் பட்டினியின் வாயிலுக்குக் கொணர்ந்த செயலை அளக்கத் தண்டனைச் சட்டக் கோவையில் அதிகாரமில்லை. நாடோடிக்கு மட்டும் 1841 முதல் உண்டு.

6. முடிபு

வரலாறு அங்ஙனம் முடிந்துவிடவில்லை. 2023 டிசெம்பர் 14இல், கைதியொருவரைச் சித்திரவதை செய்த வழக்கில் உயர் நீதிமன்றத்தாற் பொறுப்பாளியெனக் காணப்பட்டவர் அப்போதைய பதிற் பொலிஸ் மாஅதிபர் தேசபந்து தென்னக்கோன். மூன்று நாட்களின் பின் அவர் பொறுப்பிலேயே 'யுக்திய' என்ற போதை ஒழிப்பு நடவடிக்கை தொடங்கிற்று. யுக்திய என்பதன் பொருள் நீதி. பல்லாயிரவர் கைதாயினர். 2025 ஆகஸ்டிற் பாராளுமன்றம் அவரைப் பதவிநீக்கியமை 1983இல் நிகழாத ஒன்று. அதனை முன்னேற்றமெனவே கொள்ளவேண்டும்.

2024இல் ஆட்சியேற்ற தேசிய மக்கள் சக்தி இடதுசாரி மரபிலிருந்து வந்தது. 1972 சட்டத்தின் கீழ்ச் சிறையிருந்தோரின் இயக்கம் அதன் மூலவேர். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவதாக அது வாக்களித்தது. ஆயினும் 2025இலும் அச்சட்டத்தின் கீழ்க் கைதுகள் நிகழ்ந்தன. ஊழல் ஒழிப்போடு நற்பண்பும் மீண்டும் அரசின் திட்டமாயிற்று. 'கிளீன் சிறீ லங்கா' செயலணியில் மறுபடி படையினரும் பொலிசாரும் அமர்ந்தனர். அதன் தொடக்க நாட்களிற் பேருந்துகளிலும் முச்சக்கரவண்டிகளிலும் இருந்த அலங்காரங்களைப் பொலிசார் களையச்செய்தனர். சிறிய செய்தியே, ஆனால் ஒழுக்கம் முதலில் எவர் வண்டியை நிறுத்துகின்றது என்பதை அது காட்டிற்று.

இதிலிருந்து சட்டமே வேண்டாமென்ற முடிவுக்கு நாம் வரவில்லை. சட்டம் ஆளும் வர்க்கத்தின் கருவி எனக் கூறி அமைதல் பாதி உண்மையே. ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1975இல் வாதிட்டவாறு, கருவியாயினும் சட்டம் அதனை ஏந்தியவரின் கையையும் ஓரளவு கட்டுகின்றது. மேலே நாம் எடுத்துக்காட்டிய தீர்ப்புகள் அதற்குச் சான்று. தூக்குக் கயிற்றை இடைநிறுத்தியதும் மன்னிப்புகளை இரத்துச்செய்ததும் நீதிமன்றமே. அதன் படியேறியவர் சாதாரண குடிமக்களும் தொழிற்சங்கத்தினரும் சட்டத்தரணிகளும் ஆவர். கள்வரிடமிருந்து பாதுகாப்பைக் கோரும் தெமட்டகொடைத் தாய்க்கு அப்பாதுகாப்பு உரியதே. அவள் மகன் நள்ளிரவிற் கைதானால் அவனை மறுநாள் நீதவான் முன் காணும் உரிமையும் அவளுக்கு உரியது. முதலாவதை வாக்களித்து இரண்டாவதைப் பறிக்கும் வேட்பாளர் அவளுக்கு எதனையும் தரவில்லை.

ஆதலின் இனிவரும் தேர்தல்களில் ஒழுக்கத்தைப் பேசும் எவரிடமும், அவர் நம்மவராயினும், மூன்று வினாக்கள் தொடுக்கப்படல் வேண்டும். குற்றமென நீர் கூறுவதில் வங்கியும் அமைச்சும் பாசறையும் அடங்குமா? உமது ஆட்சியில் மன்னிப்புப் பெறப்போகின்றவர் யார்? வெலிக்கடை மதிலுக்குள் இருப்போர் உமது தர்மத்தின் குடிமக்களா? சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கக் கனவுகண்ட மரபில் வந்தோர் இவ்வினாக்களைக் கேட்கத் தயங்குதல் ஆகாது. அக்கனவு கண்டவர் பௌத்தப் புலவர். பாடிய மொழி தமிழ். அதனை இருமொழி மக்களும் தம்முடையதாக உரிமைகொள்ளும் நாளிலேயே தர்மிஷ்டம் என்ற சொல் தன் பொருளை மீளப்பெறும்.